ஒன்றாம் எண் இரவலில் இருக்கிறது

இணையத்தில் வழிகாட்டும் நிலவரைபடத் தளம் உலகம் முழுக்கப் பதினான்கு நாட்கள் யாருக்கும் திறக்கவில்லை. ஒரு பள்ளியின் புவியியல் ஆசிரியர் அதை நூலகத்திலிருந்து இரவல் எடுத்துப் போயிருந்தார். பதினைந்தாம் நாளும் திறக்கவில்லை, ஏனென்றால் அவர் எதையும் தவணைக்குள் திருப்பித் தந்து பழகாதவர். அவரிடம் போன புத்தகம் கிணற்றில் போட்ட கல். கேட்டால் நாளைக்கு என்பார், அதனால் மாணவர்கள் அவருக்கு நாளைக்கு சார் என்று பெயர் வைத்திருந்தார்கள். இருபத்தாறாம் நாள் அவர் அதைத் திருப்பித் தரும்வரை வாடகை வண்டிக்காரர்கள் பழையபடி தெருமுனையில் நிறுத்தி வழி கேட்டார்கள். கேட்ட வீடுகளில் உட்கார்ந்து பேசி இரண்டு கல்யாணம் முடிவானது. தபால்காரருக்குத் திடீரென்று மரியாதை கூடியது. மற்றபடி பெரிய சேதம் ஒன்றுமில்லை.

இது தொடங்கியது இப்படி. கல்வி அலுவலகத்திலிருந்து அந்தப் பள்ளியின் நூலகருக்கு ஓர் உத்தரவு வந்தது. ஆசிரியர்களுக்கு உதவக்கூடிய இணையத் தளங்களையும் கருவிகளையும் தேடி அறுபது எண்ணிக்கையில் ஒரு பட்டியல் தயாரிக்க வேண்டும், பட்டியலில் முதலாவதாக அலுவலகத்தின் சொந்தத் தளம் இருக்க வேண்டும். நூலகர் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒன்பது அலமாரிகளை ஒரு புத்தகம் பிசகாமல் காத்து வருபவர். கணினியில் தேடக் கற்றுக்கொண்டு, கண் எரிய எரிய ஒரு மாதம் உட்கார்ந்து, வினாடி வினா தயாரிக்கும் தளம், வானத்து நட்சத்திரம் காட்டும் தளம், வகுப்பில் நேரம் அளக்கும் கடிகாரம், மொழிபெயர்க்கும் தளம் என்று அறுபதையும் கண்டுபிடித்தார். ஆனால் பட்டியல் போடும் விதம் அவருக்கு ஒன்றுதான் தெரியும். புத்தகங்களை ஏற்றும் பெரிய பதிவேட்டை எடுத்தார், ஒவ்வொரு தளத்துக்கும் வரிசை எண் கொடுத்தார், ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை எழுதினார், அட்டையில் தவணைத் தாள் ஒட்டிப் பள்ளி முத்திரையைக் குத்தி, மேசைமேல் ஒரு பெட்டியில் அடுக்கினார். முறையாகப் பதிந்த பொருள் முறைப்படிதானே நடந்துகொள்ள வேண்டும். அட்டை பெட்டியில் இருந்தால் தளம் எல்லோருக்கும் திறந்தது. யாராவது கையெழுத்துப் போட்டு அட்டையை எடுத்துப் போனால், அவருக்கு மட்டும் திறந்தது.

இதை முதலில் கவனித்தவர் நூலகரின் தங்கை. அவர் நான்கு மணி நேரப் பயணத் தொலைவில் வேறொரு பள்ளியில் பாடம் எடுப்பவர். அவர் போன் செய்து, "அக்கா, அந்த வினாடி வினா தளம் மூணு நாளா திறக்க மாட்டேங்குது, உனக்குத் திறக்குதா?" என்று கேட்டார்.

"எப்படிடி திறக்கும், அதை எங்க அறிவியல் டீச்சர் எடுத்துட்டுப் போயிருக்காங்க. வெள்ளிக்கிழமை வந்துரும்."

"கூடப் பிறந்தவளாச்சேன்னு ஒரு நாள் முன்னாடி வாங்கிக் குடுக்கக் கூடாதா?"

"வரிசைன்னா வரிசைதான். பேர் எழுதிக்கறேன்."

தலைமையாசிரியை சந்தேகத்துக்குக் கணினி பழுதுபார்ப்பவரை வரவழைத்தார். அவர் கணினிப் பெட்டியைத் திறந்து பார்த்தார், வயரைப் பிடுங்கிச் செருகினார், கடைசியில் பதிவேட்டைப் புரட்டினார். "கோளாறு ஒண்ணுமில்லைங்க. மேடம் சரியாத்தான் ஏத்தியிருக்காங்க" என்று சொல்லிவிட்டு, தனக்கும் ஓர் உறுப்பினர் அட்டை கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

பிறகு கடிதங்கள் வரத் தொடங்கின. கடல் கடந்த ஊர்களிலிருந்து ஆசிரியர்களும் நூலகர்களும் எழுதினார்கள். முதல் வாரத்துக் கடிதங்கள் திட்டு என்பது எழுத்தின் சாய்விலேயே தெரிந்தது. மொழிபெயர்க்கும் தளத்தை அந்தச் சமயம் மொழி ஆசிரியை எடுத்துப் போயிருந்ததால் நூலகர் எல்லாவற்றையும் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு நன்றி எழுதினார். பதில் வந்த அதிர்ச்சியிலோ என்னவோ அவர்களும் மரியாதைக்கு மாறினார்கள். முன்பதிவுக்கென்று தனிப் பதிவேடு திறக்கப்பட்டது. ஆண்டில் பாதி பனி கொட்டும் ஊரிலிருந்து ஒரு ஆசிரியை நட்சத்திரத் தளத்தை இரண்டு நாள் கேட்டார். அட்டை விமானத் தபாலில் போய், சொன்ன தேதிக்கு வந்து சேர்ந்தது, உறைக்குள் ஒரு ஜோடி கம்பளிக் கையுறையும் இருந்தது. நாளைக்கு சாருக்கு அந்த அம்மாளை உதாரணம் காட்டி நூலகர் ஒரு பாட்டம் பேசினார். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மூன்றாம் ஆண்டில் இடி இறங்கியது. எல்லாம் இணையத்தில் கிடைப்பதால் நூலக அறை தேவையில்லை, அங்கே உடைந்த பெஞ்சுகளைப் போடலாம், நூலகரை வெளியூர்க் கிடங்கில் நாற்காலி எண்ணும் வேலைக்கு மாற்றலாம் என்று அலுவலகம் முடிவெடுத்தது. வரும் திங்கட்கிழமை காலை உத்தரவு அலுவலகத் தளத்தில் வெளியாகும், வெளியான நிமிடத்திலிருந்து அமலுக்கு வரும் என்று தலைமையாசிரியைக்குத் தகவல் வந்தது. வெள்ளிக்கிழமை மதியம் அவர் அதை நூலகரிடம் சொன்னார். நூலகர் அலமாரிகளைப் பார்த்தார். அழுகை வந்தது. மறைக்கவில்லை, முந்தானையால் துடைத்துக்கொண்டே அன்றைய தவணைகளைச் சரிபார்த்தார்.

நாலு மணிக்கு நாளைக்கு சார் உள்ளே வந்தார். கையில் புத்தகம் எதுவும் இல்லை, அது வழக்கம்தான். மேசைக்கு எதிரே நின்று தொண்டையைச் செருமினார்.

"ஏம்மா, அந்த ஒண்ணாம் நம்பர் யார்கிட்டயாவது இருக்கா?"

ஒன்றாம் எண் அலுவலகத் தளம். மூன்று ஆண்டுகளில் யாரும் அதைக் கேட்டதில்லை. அட்டை புத்தம் புதிதாகப் பெட்டியின் முன்வரிசையில் இருந்தது.

"இல்ல சார். இங்கதான் இருக்கு."

"அப்ப எனக்குக் குடுங்க."

நூலகர் அவரை நிமிர்ந்து பார்த்தார். இந்த யோசனை தனக்கே வந்திருந்தாலும் பயன்பட்டிருக்காது என்பது அவருக்குத் தெரியும். தானே எடுத்திருந்தால் பதினான்காம் நாள் காலை பள்ளி திறக்கும் முன்பே கொண்டுவந்து வைத்துவிடுவார், அது பிறவிக்குணம். இதற்கு வேறு மாதிரி ஆள் வேண்டும்.

"பதினாலு நாள்தான் சார் தவணை" என்றார், பதிவேட்டைத் திறந்தபடி.

"தெரியாதா எனக்கு? நான் என்னைக்கும்மா லேட் பண்ணியிருக்கேன்?"

நூலகர் முத்திரையை ஓங்கிக் குத்தியதில் தேதி அடுத்த மூன்று பக்கங்களிலும் பதிந்தது.

திங்கட்கிழமை அலுவலகத் தளம் திறக்கவில்லை. அது எப்போதுமே ஆடிக்கொரு தரம் அமாவாசைக்கொரு தரம் திறக்கும் தளம் என்பதால் முதல் இரண்டு மாதம் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பிறகு அலுவலகம் அதே பழுதுபார்ப்பவரைக் கூப்பிட்டது. அவர் பார்த்துவிட்டு, "எரவல்ல போயிருக்குங்க, திருப்பிக் குடுத்தா வந்துரும்" என்றார். உத்தரவு வெளியிட வேறு தளம் கட்ட ஒரு குழு போட்டார்கள், குழு இன்னும் கூடிக்கொண்டிருக்கிறது. அதிகாரி ஒருவர் நேரிலேயே வந்து நாளைக்கு சாரைப் பிடிக்க நூலகத்தில் காத்திருந்தார். காத்திருந்த மூன்று நாளில் இரண்டு புத்தகம் படித்து முடித்தார், மூன்றாவதை உறுப்பினராகி எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனார். அவரும் தவணைக்குள் திருப்பித் தரவில்லை.

ஒன்றாம் எண் இரவல் போய் இப்போது ஏழாவது ஆண்டு நடக்கிறது. நூலகம் அதே அறையில்தான் இருக்கிறது. அலமாரி ஒன்பது பதினொன்றாகிவிட்டது, உடைந்த பெஞ்சுகள் மாடிப்படிக்குக் கீழேயே கிடக்கின்றன. தங்கைக்கு இன்றுவரை வரிசையை மீறி ஒரு அட்டையும் கிடைத்ததில்லை. எந்தத் தளமாவது திறக்கவில்லை என்றால் உலகத்தில் யாரும் பதறுவதில்லை, யாரோ எடுத்திருப்பார்கள், வந்துவிடும் என்று வேறு வேலையைப் பார்க்கிறார்கள். நூலகர் தன் கடமையில் குறை வைப்பவர் அல்லர். ஒன்றாம் எண்ணுக்கான நினைவூட்டல் கடிதத்தைப் பதினான்கு நாளுக்கொரு முறை, நாள் தவறாமல் தன் கையாலேயே எழுதுகிறார். இதுவரை நூற்று அறுபத்தொன்று எழுதியிருக்கிறார். அதைத் தானே கொண்டுபோய் ஆசிரியர் அறையில் நாளைக்கு சாரிடம் நீட்டி, "சார், அந்த ஒண்ணாம் நம்பர்" என்கிறார்.

"அடடா, நாளைக்குக் கண்டிப்பா கொண்டு வர்றேம்மா."

அந்தப் பதிலைக் காதால் கேட்ட பிறகுதான் அவர் திரும்பி வந்து நூலகத்தின் கதவைத் திறக்கிறார்.