வெளுத்த கால்கள்

செபாஸ்டியனுக்குக் காசம் முற்றிவிட்டது. தினம் ஒரு முட்டையாவது கொடுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அதற்காகவே அவன் மனைவி அருள்செல்வி கம்மலை விற்று, திருமழிசைப் பண்ணையில் கழித்துவிட்ட வெள்ளைக் கோழிகளில் நான்கைப் பொறுக்கி வந்தாள். கோழி வளர்ப்பது அவளுக்கு இதுவே முதல் தடவை. மஞ்சள் கால், கலையாத இறகு என்று அழகாகப் பார்த்துத்தான் எடுத்தாள். மூன்று வாரமாகியும் ஒரு முட்டை இல்லை.

அடுத்த வீட்டு ஜமீலா ஒன்றைத் தூக்கி, வாலுக்குக் கீழே உள்ள இரண்டு எலும்புகளுக்கு நடுவே விரல் வைத்துப் பார்த்தாள்.

"இன்னாடி அருளு, ஒரு விரலே பூர மாட்டேங்குது! காலு வேற மஞ்சக் கெயங்காட்டம் கீது. முட்டை வெக்கிற கோயின்னா மூணு விரலு பூரும்; அந்த மஞ்சளெல்லாம் முட்டைக்குப் பூடும், காலு வெளுத்துடும். நீ இன்னா, பொண்ணு பாக்கவா போனே?"

அருள்செல்விக்குச் சிரிப்பு வரவில்லை. வெளுத்த கால் கோழிகளை நோய்க்கோழி என்று ஒதுக்கியவள் அவள்தானே. விற்க இனி ஒன்றுமில்லை. உள்ளே இருமல் ஓயவில்லை.

ஜமீலா தன் வீட்டுக்குப் போய், தன்னிடமிருந்த ஒரே முட்டைக்கோழியை அணைத்துக் கொண்டுவந்து விட்டாள்.

"ஐயோ அக்கா, உன் புள்ளைங்களுக்கு?"

"அதுங்களுக்கு வயசு கீது, அப்பால துன்னும். அண்ணனுக்குக் குடு."

மறுநாள் முட்டை கிடைத்தது. செபாஸ்டியனால் அரைக் கரண்டிக்கு மேல் விழுங்க முடியவில்லை. இனி எந்த முட்டையும் அவனை மீட்காது என்று அருள்செல்விக்குத் தெரிந்துவிட்டது.

"யாரு குடுத்தது?" என்று கேட்டான். சொன்னாள்.

சிலுவை போட்டுக்கொண்டு, ஜமீலாவின் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அவன் ஜெபித்தான்.