எந்த எண்ணெய்?

என் வீட்டுக்காரர் இமானுவேலுக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த அன்றே டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், இனிமேல் கடல் கூடாதென்று. படகில் இருந்த பங்கைக் கொடுத்துவிட்டு ஒரு பழைய டீசல் கார் வாங்கினோம். சவாரி அடிக்கலாம் என்பது என் யோசனை. மனுசன் வேண்டாவெறுப்பாகத்தான் ஸ்டியரிங்கைப் பிடித்தார். இது சரிப்படாவிட்டால் மறுபடி வலை இழுக்கப் போய்விடுவேன் என்று அடிக்கடி சொல்லுவார். அதைக் கேட்டாலே எனக்கு டாக்டர் சொன்னதுதான் நினைவுக்கு வரும். வாய் மட்டும் திட்டும்.

காரைப் பார்த்து வாங்கித் தந்த மெக்கானிக் நுஃமான் என்னிடம்தான் சொன்னான், வண்டி கொஞ்சம் ஆயில் குடிக்கும், காலையில் எடுக்குமுன் பார்க்கச் சொல்லுங்க அக்கா என்று. நான் விடுவேனா? அடுப்படியில் இருந்தபடியே தினமும் கத்துவேன், எண்ணெய் பாத்தாச்சா என்று. நெறைய இருக்கு என்று பதில் வரும். இப்படியே ஓடியது.

காரங்காட்டில் இருக்கும் என் தங்கச்சி வீட்டுக்குப் புறப்பட்டோம். உச்சிப்புளி தாண்டியதும் ஸ்டியரிங்குக்கு முன்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. அவர் அந்த நிமிசமே ஓரங்கட்டி எஞ்சினை அமர்த்தினார். நுஃமானுக்குப் போன் போட்டேன். பானட்டுக்குள் மஞ்சள் வளையம் வைத்த கம்பி இருக்கும், அதை உருவித் துடைத்து, திரும்பச் சொருகி எடுத்துப் பாருங்க என்றான். அவசரத்தில் என் முந்தானையிலேயே துடைத்தேன். திரும்ப எடுத்தால் கம்பி காய்ந்து கிடந்தது. நுனியில் மட்டும் கறுப்பாக ஒரு பொட்டு.

எனக்கு வந்ததே கோபம்.

“தெனமும் நெறைய இருக்கு நெறைய இருக்குன்னீங்களே, எதத்தான் பாத்தீங்க?”

“டீசலத்தான். டேங்க்ல பாதிக்கு மேல இருக்கே,” என்றார், பாவமாக.

திட்ட வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் கரையில் எண்ணெய் என்றால் டீசல்தான். கடலுக்குப் போகுமுன் எண்ணெய் போட்டாச்சா என்றுதான் கேட்போம். எஞ்சின் ஆயிலைப் பார்ப்பது படகை ஓட்டும் டிரைவரின் வேலை. இவர் காலமெல்லாம் வலைப்பக்கம் நின்றவர். நுஃமான் ஆயில் என்றதை நான்தான் எண்ணெய் ஆக்கியிருக்கிறேன். கேட்டதற்கு மனுசன் சரியாகத்தான் பதில் சொல்லியிருக்கிறார்.

நுஃமான் பைக்கில் வரும்வரை கருவேல நிழலில் உட்கார்ந்திருந்தோம்.

“எஞ்சின் போயிருந்தா நான் கடலுக்கே போறேன் ஜோதி. எனக்கு இது ஏலல.”

“எனக்குப் பயமா இருக்குங்க. நான் திட்டுறதெல்லாம் அந்தப் பயத்துலதான். போயிராதீங்க.”

அவர் குனிந்து, என் முந்தானைக் கறையைத் துடைக்கிறேன் என்று இன்னும் நன்றாக அப்பிவிட்டார்.

நுஃமான் ஆயிலை ஊற்றி, சற்றுப் பொறுத்து, கம்பியை விட்டு எடுத்தான். கம்பியில் உள்ள இரண்டு கோட்டுக்கும் நடுவில் ஆயில் நின்றது. சாவியைத் திருப்பினான். எனக்கு மாதாவின் பெயர்தான் வாயில் வந்தது. விளக்கு அணைந்தது, எஞ்சின் சீராக ஓடியது. உடனே அமர்த்தியதால் தப்பித்தது என்றான். இவர் முகத்தில் அன்றைக்குத்தான் ஒரு சிரிப்பைப் பார்த்தேன்.

மறுநாள் காலையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது, பழக்க தோசத்தில் கேட்டுவிட்டேன், எண்ணெய் பாத்தாச்சா என்று. வாசலில் பானட் திறக்கும் சத்தம் கேட்டது.

“எந்த எண்ணெய்?” என்றார்.

இத்தனை வருசத்தில் அவர் அப்படிக் கேட்டதே இல்லை. கடலுக்குப் போக நினைக்கிறவருக்கு எண்ணெய் ஒன்றுதான், அது டீசல். தோசை கருகுவதுகூடத் தெரியாமல் நின்று அழுதேன்.