தற்சமயம் இருப்பு இல்லைங்க

1

ஆசிரியர் என்னிடம் கேட்டது சிரிப்புக் கதை. "கம்ப்யூட்டர் சிறப்பிதழுங்க. மெஷின் ஏதாச்சும் கிறுக்குத்தனம் பண்ற மாதிரி எழுதிக் குடுத்துப்போடுங்க" என்றார்.

அதற்கான விதை கோவை காந்திபுரத்தில் கிடைத்தது. ஒரு தனியார் பஸ் முன்பதிவு அலுவலகத்தில் மெட்ராசுக்கு சீட்டு கேட்டேன். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் திரையைப் பார்த்து, "இல்லைங்க" என்றார். நான் படியிறங்கிய பிறகு கூப்பிட்டார். "ஏனுங்க, லைன் கட்டாயிருச்சுங்க. லைன் இல்லீன்னாலும் இது இல்லைன்னுதானுங்க காட்டும்." கடைசியில் பாதி பஸ் காலி.

ஜன்னலோரம் உட்கார்ந்து சிரிப்புக் கதையை யோசித்தேன். சேலம் தாண்டும்போது சிரிப்பு நின்றுவிட்டது. நான் கேட்டது சீட்டாக இல்லாமல் ரத்தமாக இருந்திருந்தால்?

2

எழுதிக் கிழித்த ஆரம்பங்கள்:

"1999-ம் வருடம் பீளமேட்டில் ஒரு மாடியில்..." (செய்தி வாசிப்பது போல் இருக்கிறது.)

"புவனாவின் கண்கள்..." (வாரப் பத்திரிகைக்கு எழுதி எழுதிக் கை தானாக அங்கே போகிறது. அவள் கண்ணுக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தமில்லை.)

"ராசாத்தாளின் காரியம் முடிந்த மறுவாரம் கதிர்வேல் கோவைக்கு பஸ் ஏறினான்." (இது நிற்கும். ஆனால் ராசாத்தாள் யார் என்பீர்கள். சொல்கிறேன்.)

3

முதலில் புவனா. மதுக்கரைப் பெண். பீளமேட்டில் வேங்கடசாமி நடத்தும் சின்ன கம்ப்யூட்டர் கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறாள். அவள் எழுதியது இது: தாராபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, கோவையில் ஒரு ரத்த வங்கி. ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர் டெலிபோன் லைன் வழியாக ரத்த வங்கிக் கம்ப்யூட்டரைக் கேட்கும், இந்த வகை ரத்தம் இருக்கிறதா என்று. பதில், படிவத்தில் இருப்பதுபோல இரண்டு கட்டங்களில் வரும். முதல் கட்டம்: தேட முடிந்ததா, இல்லையா. இரண்டாம் கட்டம்: எத்தனை பை. தேட முடியாவிட்டாலோ, பதிலே வராவிட்டாலோ, இரண்டாம் கட்டம் காலி.

(அவசரக்காரர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம் என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். தாண்டாதீர்கள். ஓர் உயிர் இந்த இரண்டு கட்டங்களுக்கு நடுவில்தான் போகிறது.)

புவனா முதலில் சரியாகத்தான் எழுதினாள். முதல் கட்டத்தைப் பார். தேட முடியவில்லை என்றால் 'விவரம் தெரியவில்லை. போனில் விசாரிக்கவும்' என்று காட்டு. வேங்கடசாமி அதைப் படித்துவிட்டு முகம் சுளித்தார்.

"ஏனம்மிணி, ஊட்டுல ஆளு சாகக் கெடக்கறப்ப வந்து கேக்கறாங்க. 'எனக்குத் தெரியாது, நீ போயி விசாரிச்சுக்கோ'ன்னா மொகத்துல அடிச்சாப்பல இருக்காதா? நம்மூருல எவனாச்சும் அப்படிப் பேசுவானா?"

"தெரியலைன்னா தெரியலைன்னுதானுங்க சார் சொல்லோணும்."

"லைன் கெடைக்காதது எப்பவாச்சும் ஒருக்கா. அதுக்கு ஒரு தனி வசனமா? இல்லைன்னே சொல்லு கண்ணு. அதையும் பதமாச் சொல்லு. ஒரு 'ங்க' சேர்த்துக்கோ, ஒண்ணும் கொறஞ்சுபோயிடாது."

அவள் முதல் கட்டத்தைப் பார்க்கும் வரிகளை எடுத்துவிட்டாள். இரண்டாம் கட்டம் காலியாக வந்தால் சைபர் என்று வைத்துக்கொள்ளச் சொன்னாள். சைபர் என்றால் திரையில் 'தற்சமயம் இருப்பு இல்லைங்க.' தாராபுரத்தில் எல்லோரும் மெச்சினார்கள். மெஷின்கூட எத்தனை மரியாதையாகப் பேசுகிறது!

4

ராசாத்தாள் கதிர்வேலின் மனைவி. தாராபுரத்துக்குக் கிழக்கே தோட்டம். தலைப்பிரசவத்தில் ரத்தப்போக்கு, ஓ நெகட்டிவ் வேண்டும். டாக்டர் கம்ப்யூட்டரைக் கேட்டார். இருப்பு இல்லைங்க என்றது. அத்தனை தெளிவாகச் சொன்ன பிறகு கோவைக்கு யார் போன் செய்வார்கள்? கதிர்வேல் வாடகைக் காரில் நேர் எதிர்த்திசையில், கோவையைவிடத் தொலைவான திருச்சிக்குப் பறந்தான். ரத்தத்தோடு திரும்பியபோது குழந்தை மட்டும் இருந்தது.

(அவளைப் பிழைக்க வைத்தும் ஒரு படி எழுதிப் பார்த்தேன். கார் பறக்கிறது, ரயில்வே கேட் திறந்தே இருக்கிறது, ராசாத்தாள் கண் திறக்கிறாள். படித்தபோது பயமாக இருந்தது. அவள் பிழைத்துவிட்டால் புரோகிராமை யாரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. அடுத்தவள் சாவாள், அவளுக்கு நான் பெயர்கூட வைத்திருக்கமாட்டேன்.)

5

ரத்த வங்கியில் வேலை பார்க்கும் சாஜிதா பேகம் ஒருநாள் புவனாவுக்கு போன் செய்தாள்.

"என்ன புவனா, உன் தாராபுரத்துல இருந்து ஒரு மனுசன் ரத்தம் கேக்க மாட்டேங்குறான்? ரெண்டு பை ஓ நெகட்டிவ், தேதி முடிஞ்சு இன்னிக்குக் கொட்டினோம். வயிறெரியுது போ."

"அந்தப் பை எப்ப வந்துச்சுங்க்கா?"

"போன மாசம் பூரா இங்கதான் கெடந்துச்சு. நடுவுல ஒரு நாள் எங்க மெஷின் படுத்துக்கிச்சு. அன்னிக்குக் கேட்டாங்களோ என்னவோ."

தாராபுரத்துச் சாவு புவனாவின் காதுக்கு ஏற்கனவே வந்திருந்தது. அவள் போனை வைத்தாள். தன் மேஜையில் டெலிபோன் ஒயரைப் பிடுங்கிவிட்டு, புரோகிராமிடம் ஓ நெகட்டிவ் கேட்டாள்.

தற்சமயம் இருப்பு இல்லைங்க.

அன்றே வரிகளைத் திரும்ப எழுதினாள். புது பிளாப்பி தாராபுரத்துக்குப் போயிற்று. வேங்கடசாமி கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "வெளிய மூச்சு விட்டராத கண்ணு. போன உசுரு வருமா? நம்ம பொழப்புத்தான் போகும்."

(வேங்கடசாமியைக் கெட்டவராக எழுத மூன்று முறை முயன்றேன். முடியவில்லை. வந்தவரை வாங்க என்று எழுந்து நின்று கூப்பிடுகிற மனிதர். அது இன்னும் மோசம். கெட்டவர் இருந்திருந்தால் நான் கொஞ்சம் தூங்குவேன்.)

6

இப்போது அந்த மூன்றாவது ஆரம்பம். கதிர்வேல் கோவைக்கு பஸ் ஏறினான். உதவியவர்களை எல்லாம் நேரில் பார்த்து நன்றி சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு இடமாகப் போய்க்கொண்டிருந்தான். டாக்டர், கார்க்காரர். இன்று கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதியவர்கள். கையில் தோட்டத்து முருங்கைக்காய் ஒரு கட்டு.

"வாங்க, வாங்க" என்று எழுந்தார் வேங்கடசாமி.

"நீங்கதானுங்களா அந்த அம்மிணி? சின்னப் புள்ளையாட்ட இருக்கறீங்க." முருங்கைக்காயை அவள் மேஜைமேல் வைத்தான். "இல்லைன்னு அப்பவே சொல்லிப்போட்டதால நான் திருச்சிக்காவது ஓடுனனுங்க. இல்லாட்டி கோயமுத்தூருக்கு வந்து நின்னிருப்பேன்."

புவனா எழுந்து நின்றாள். உட்காரவும் தோன்றவில்லை.

"எங்க மாமியாரு என்னைய ஏசறாங்க. கோயமுத்தூருக்கு ஏன் போகலைன்னு. நான் சொன்னனுங்க, அங்க இல்லைங்க அத்தை, மெஷினே சொல்லிருச்சுன்னு. அதுதானுங்க எனக்குத் தெம்பு. ரத்தம் இருந்தும் நான் வாங்காம உட்டிருந்தா..." அவன் முடிக்கவில்லை. பிறகு கேட்டான். "அது சொன்னது நெசந்தானுங்களே? உங்க வாயால ஒருக்காச் சொல்லிப்போடுங்க. நான் போயிர்றேன்."

7

முடிவு அ: புவனா சொல்லிவிடுகிறாள். கதிர்வேல் அடிக்கவில்லை, கத்தவில்லை. "செரிங்க" என்கிறான். பஸ்ஸில் தாராபுரம் வரை... (அதற்குமேல் என்னால் அவனோடு போக முடியவில்லை. திருச்சிக்குப் போன பாதையில் அவன் வாழ்நாள் முழுக்க ஓடிக்கொண்டிருப்பான்.)

முடிவு ஆ: "நெசந்தானுங்க" என்கிறாள். அவன் கும்பிட்டுவிட்டுப் போகிறான். முருங்கைக்காயை வீட்டுக்கு எடுத்துப் போகிறாள். அம்மா குழம்பு வைக்கிறாள். புவனா... (அவளைச் சாப்பிட வைக்க முடியவில்லை. குழந்தை வளர்ந்து, அம்மா எப்படிச் செத்தாள் என்று கேட்கும்போது, கதிர்வேல் புவனாவின் பொய்யைத்தான் சொல்வான்.)

முடிவு இ: போன் மணி அடிக்கிறது, பேச்சு மாறுகிறது. (தொடர்கதையில் இதைத்தான் செய்வேன். இங்கே செய்யமாட்டேன்.)

வேங்கடசாமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கதிர்வேல் காத்திருக்கிறான், பொறுமையாக, கொஞ்சம் சிரித்த முகமாகவே. நான் எழுதிய எந்த வாக்கியமும் அவனிடம் சொல்லத் தகுந்ததாக இல்லை. பேனாவை உங்களிடம் தருகிறேன். ஒன்று மட்டும்: எழுதுவதற்கு முன்னால், அவன் முகத்தைப் பார்த்து ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

புவனா சொன்னாள்: "