பச்சைத் தண்ணீருக்கு மூன்று ஷிஃப்ட்

ஞாயிறு காலை கறி வாங்கப் போய்த் திரும்பிய வினோலியா வாசலிலேயே நின்றுவிட்டாள். வீட்டின் ஜன்னல்கள் அத்தனையும் திறந்து கிடந்தன. கூடத்தில் தொட்டிக்குக் குழாய் மாட்டியிருந்த சின்ன சிலிண்டர் வேலியோரம் படுத்திருந்தது. உள்ளே, கண்ணாடித் தொட்டியின் பச்சைத் தண்ணீரில் ஒரு குமிழிகூட இல்லை.

தொட்டியின் அடியில் செங்கல் அளவு மணல் இருந்தது. சயனைடால் தங்கம் எடுத்த பிறகு பாலகாட் சுரங்கத்தருகே மேடாகக் கொட்டி வைத்த கழிவு மணல். பலமுறை அலசி அச்சில் நிரப்பியிருந்தாள். தண்ணீரைப் பச்சையாக்கியிருந்த நுண்ணுயிர்கள் கரியமிலவாயுவை உண்டு, மணலைச் சுண்ணாம்பால் ஒட்டிக் கல்லாக்க வேண்டும். முன்பு செய்த மூன்று கற்கள் ஏற்கெனவே பொலபொலவென்று உதிர்ந்துவிட்டன. லீவு முடிந்து செவ்வாயன்று பெங்களூர் ஆய்வகத்தில் இதைக் காட்ட வேண்டும். இதுவும் உதிர்ந்தால் அவளுடைய திட்டத்தையே மூடிவிடுவார்கள்.

"அத்தே, சிலிண்டர யாரு வெளிய வெச்சது?"

"நான்தான்," என்றாள் மாமியார் ஐடா. "எல்வின் ஃபோன்ல யாராண்டயோ, ஊட்ல கேஸ் ஓடிக்கினு கீதுன்னான். இன்னா கேஸுடான்னா, கார்பன் டைஆக்சைடுன்றான். வேலியாண்ட தூக்கினு போயி மொத்தத்தையும் தொறந்து உட்டுட்டேன்."

எல்வின் மனைவியைப் பார்க்காமல் தலையைச் சொறிந்தான். வினோலியாவுக்குக் கோபம் வந்தாலும் மாமியாரைக் குறை சொல்ல முடியவில்லை. சுரங்கத்துக்கு ஆள் அனுப்பிய வீட்டில் கேஸ் என்றால் அடுப்பு நினைவுக்கு வராது. மாமனார் சுரங்கத்தின் கீழ் லெவலில் விழுந்து செத்தது அந்தக் கரியமிலவாயுவில்தான். முதலில் விளக்கு அணைந்ததாம், அப்புறம் அவர்.

ஐடா தொட்டிப் பக்கம் குனிந்தாள். "அவர மூச்சு முட்ட வெச்ச கேஸையா இதுங்க துன்னுது?"

"அதேதான் அத்தே."

"துன்னுட்டு?"

"கல்லு கட்டுதுங்க."

ஐடா கண்ணாடியில் மூக்கு உரசப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "கண்ணுக்கே தெரியல. இன்னா தைரியம் பாரு. வேற எங்கியும் கெடைக்காதா அந்த கேஸு?"

"இன்னிக்கு ஞாயிறு, நாளைக்கும் லீவு, சிலிண்டர் கடை தொறக்காது. நாம உடற மூச்சுல கொஞ்சம் கீது."

"அத முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?" என்று ஐடா குழாய்க்குக் கை நீட்டினாள்.

வாயிலிருக்கும் கிருமி தொட்டிக்குள் போகாதபடி வினோலியா ஒரு வடிகட்டியை மாட்டிக் கொடுத்தாள். மூச்சு போதுமா என்று அவளுக்கே தெரியவில்லை.

"செவ்வாக்கெழம வரிக்கும் ஊதணும்மா," என்று எல்வின் சிரித்தான். "ஒரு ஆளு தாங்காது."

"மூணு ஷிஃப்ட் போடு. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் என்னுது. ஃபோன்ல கத பேசினவன் நைட் ஷிஃப்ட்."

ஐடா கன்னம் உப்ப ஊதினாள். ஒரு குமிழி மணலை உரசி, விடுபட்டு, பச்சைக்குள் மெல்ல மேலேறியது. அது உடையும்வரை மூவருமே மூச்சுவிடவில்லை.