தாரகைக்காக ஓடியவள்

‘செம்புழுதி’ படத்தின் முதல் பாகத்தை ஜெரால்டு தியேட்டரிலேயே ஆறேழு தடவை பார்த்தவன். செவ்வாய்க் கிரகத்துக்குப் போகும் ஒரு கப்பல், அதில் நாயகன், கூடவே டாக்டர் தாரகை. ஒரு பாட்டில், எடையில்லாத அந்தக் கப்பலுக்குள் தாரகையின் கூந்தல் அவிழ்ந்து, குளத்துப் பாசி அசைவதுபோல மிதக்கும். அந்த ஒரு பாட்டால் அவளுக்கு ஊரெல்லாம் ரசிகர்கள் சேர்ந்துவிட்டார்கள். கடைசியில் நாயகன் பூமிக்குத் திரும்பிவிடுவான். தாரகை மட்டும் சிவப்பு மண்ணில் தனியாக நிற்பாள். அதோடு படம் முடியும்.

இரண்டாம் பாகம் வருகிறது என்று அறிவித்த வாரத்திலேயே ஜெரால்டு யூடியூப் சேனல் ஒன்றைத் தொடங்கினான். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உடையப்பன் என்பவரின் செல்போன் சர்வீஸ் கடையில் அவனுக்கு வேலை. ஆவூரிலிருந்து தினமும் பைக்கில் வந்துபோவான். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் பைபிள் வாசகம் வாசிப்பவன் என்பதால் குரல் கணீரென்று இருக்கும். அந்தக் குரலில் அவன் தாரகையைப் பற்றிப் பேசப் பேச ஆட்கள் சேர்ந்தார்கள். தாரகை முடியை வெட்டக் கூடாது. முதல் பாகத்து வெள்ளி நிற உடை மறுபடி வர வேண்டும். அவள் நாயகனுக்காகக் காத்திருக்க வேண்டும். சண்டையெல்லாம் அவள் போடக் கூடாது, அதற்கு நாயகன் இருக்கிறான். கீழே கமெண்டில் எல்லோரும் “நம்ம மனசுல இருக்கறத அப்படியே சொல்லிட்டீங்க ப்ரோ” என்று எழுதினார்கள்.

தங்கை பிரின்சிக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. கல்லூரியில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்தாள்.

“ஆளில்லாத எடத்துல அத்தன வருசம் கெடந்தவ, ஷாம்பூ போட்டுக் குளிச்சிட்டு நிப்பாளாண்ணே?” என்று கேட்டாள்.

“கதைன்னா அப்படித்தான். ஒனக்கு சினிமா தெரியாது.”

“கப்பல் ரிப்பேரானப்ப அவதான வெளிய போயி சரி பண்ணிட்டு வந்தா? எனக்கு அவளப் புடிச்சதே அதுக்குத்தான். அந்த சீனப் பத்தி நீ ஒரு வீடியோகூடப் போடல.”

“அத யாரு பாப்பாங்க?” என்றான் ஜெரால்டு.

அந்தக் கோடையில் ஆவூருக்கும் கீரனூருக்கும் நடுவே, தண்ணீர் வற்றிக் கிடந்த ஒரு பழைய கல்குவாரியில் ‘செம்புழுதி’ இரண்டாம் பாகத்தின் படப்பிடிப்பு நடந்தது. யாரையும் கிட்டே விடவில்லை. ஆனால் தண்ணீர் லாரி ஓட்டப் போனவன் ஜெரால்டின் நண்பன் வசந்த். லாரிக்குள் உட்கார்ந்தபடியே செல்போனில் ஒரு காட்சியைப் பிடித்து, “ஒனக்கு மட்டுந்தாண்டா” என்று அனுப்பினான்.

செம்மண் புழுதிக்குள் ஒரு பெண் ஓடுகிறாள். கேமராவுக்கு முதுகு காட்டி ஓடுகிறாள். தலைமுடி ஒட்ட வெட்டப்பட்டிருக்கிறது. தோள்கள் அகலம். இடது பக்கம் லேசாகச் சாய்ந்து சாய்ந்து ஓடி, பாறை விளிம்பிலிருந்து கீழே குதிக்கிறாள். புழுதி அடங்கும்போது சட்டைக்கையில் தீ எரிய எழுந்து நிற்கிறாள்.

ஜெரால்டுக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. இத்தனை மாதமாக அவன் வளர்த்து வைத்திருந்த தாரகையை யாரோ களவாடிவிட்டதுபோல இருந்தது. கோபம் கொஞ்ச நேரத்தில் குஷியாக மாறியது. காட்சியை மெதுவாக ஓடவிட்டான். தோளைச் சுற்றி மஞ்சள் வட்டம் போட்டான். அவள் ஒவ்வொரு எட்டு வைக்கும்போதும் ரோடு ரோலர் உறுமும் சத்தத்தைச் சேர்த்தான். “மக்களே, நெஞ்சப் புடிச்சுக்கங்க. இதுதான் நம்ம தாரகையாம். செவ்வாயில சாப்பாடு நல்லாக் கெடைக்குது போல!” என்று பேசி வெளியிட்டான். குதிக்கும் இடத்தை வெட்டிவிட்டான். சிரிப்புக்கு அது தேவைப்படவில்லை.

மறுநாள் அந்த வீடியோ எங்கெங்கோ போய்விட்டது. ஆட்கள் அதை வெட்டி ஒட்டி, கல்யாண வீட்டில் நடக்கும் பெண், வாக்கிங் போகும் பெண் என்று யார் யாருக்கோ அந்த ரோலர் சத்தத்தைப் போட்டார்கள். தயாரிப்பாளர் தரப்பிலிருந்து ஓர் அறிக்கை வந்தது. கசிந்த காட்சியில் இருப்பது கதாநாயகி அல்ல, சண்டைக் காட்சிக்கான டூப், ரசிகர்கள் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். ஜெரால்டு உடனே இன்னொரு வீடியோ போட்டான். “அப்பாடா! தாரகை தப்பிச்சா. அது டூப்புதானாம்!” முன்பு நடிகைக்காகக் கொஞ்சம் அடக்கிப் பேசியவர்கள்கூட இப்போது அடக்கவில்லை. பெயர் தெரியாத ஒரு முதுகுதானே.

அடுத்த ஞாயிறு ஆவூர்க் கோயிலில் முதல் வாசகம் வாசித்துவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தான் ஜெரால்டு. சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்கப் பெண்கள் வரிசையாகப் போனார்கள். அதில் வெள்ளை முக்காட்டோடு ஒருத்தி, இடது பக்கம் லேசாகச் சாய்ந்து நடந்தாள். அவன் கண் அங்கேயே நின்றுவிட்டது. அந்தச் சாய்வை அவன் எத்தனையோ தரம் நிறுத்தி, ஓட்டி, மறுபடி நிறுத்திப் பார்த்திருக்கிறான். அந்தத் தோள்களுக்கு வட்டம் போட்டவனே அவன்தான்.

நன்மை வாங்கிவிட்டு அவள் திரும்பினாள். ரீட்டா அக்கா. அவனுக்குப் பெரியப்பா முறையான பங்கிராஸின் மகள். பள்ளிக்கூட நாட்களில் மாநில அளவில் ஓடிப் பரிசு வாங்கியவள். முழங்கால் உடைந்த பிறகு ஓட்டத்தை விட்டுவிட்டு, இப்போது சென்னையில் ஏதோ ஜிம்மில் வேலை பார்க்கிறாள் என்று ஊரில் சொல்வார்கள். முக்காடு நழுவியபோது ஒட்ட வெட்டிய முடி தெரிந்தது. கூப்பிய கையில், மணிக்கட்டுக்கு மேலே தீப்பட்ட புண் இன்னும் ஆறாமல் இருந்தது.

பக்கத்திலிருந்தவர் “நீ போகலையாப்பா?” என்றார். ஜெரால்டு இல்லையென்று தலையை ஆட்டினான். அன்று அவனால் எழுந்து பீடத்துக்குப் போக முடியவில்லை.

சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போனான். மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்துவிட வேண்டும் என்றுதான் போனான். வாசலில் வேப்பமரத்தடியில் கட்டிலில் உட்கார்ந்திருந்த பங்கிராஸ் அவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

“யாரு, ஜெரால்டா? வாப்பா, இங்கிட்டு ஒக்காரு. ரீட்டா! வீடியோக்காரத் தம்பி வந்திருக்கான், டீ போடு.”

ஜெரால்டு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

“பீட்டர் டீக்கடையில ஒன் வீடியோவத்தான் போட்டுக் காட்டுனாங்க. அந்த ரோடு ரோலர் சத்தத்த எங்கேருந்துடா புடிச்ச? சிரிச்சுச் சிரிச்சு வயிறே வலிச்சுப்போச்சு. ரீட்டா வந்ததும் அவகிட்டயும் காட்டுனேன். அவளும் சிரிச்சா.”

கையில் டம்ளரோடு ரீட்டா கதவருகே வந்து நின்றாள். ஜெரால்டு நிமிரவில்லை.

“இன்னொரு தரம் போடுப்பா, பாப்போம்” என்றார் பங்கிராஸ்.

“நெட்டு கெடைக்கல பெரியப்பா.”

“சரி விடு. யாரு பெத்த புள்ளையோ, பாவம். இருந்தாலும் ஒரு பொம்பளப்புள்ள அப்படியா ஓடும்?”

“டீ ஆறிரும், குடி” என்றாள் ரீட்டா. அவள் குரலில் எதுவும் இல்லை. ஜெரால்டு டீயைக் குடித்தான். நாக்கைச் சுட்டது. அந்தச் சூடுகூட அவனுக்குப் போதவில்லை.

பைக்கைத் தள்ளிக்கொண்டு போனவனோடு கூடவே வந்தாள் ரீட்டா. தெருமுனை தாண்டியதும் அவன், “அக்கா, சத்தியமாத் தெரியாதுக்கா. நீங்கன்னு தெரிஞ்சிருந்தா போட்டிருக்கவே மாட்டேன்” என்றான்.

“வேற ஒருத்தின்னா போட்டிருப்ப.”

அவன் பைக்கை நிறுத்தினான்.

“மொத நாளே தெரியும், நீதான்னு. பூசையில கேக்குற கொரலாச்சே. கேரவன் பக்கத்துல வச்சு லைட்மேன், மேக்கப்காரங்க எல்லாரும் பாத்துச் சிரிச்சாங்க. நானும் சேந்து சிரிச்சேன். அழுதா அடுத்த படத்துக்குக் கூப்புட மாட்டாங்க.” கையிலிருந்த தீப்புண்ணை அவள் முந்தானையால் மூடிக்கொண்டாள். “கால் ஒடஞ்சப்பவே அப்பா, இனிமே ஓட்டமும் வேணாம் தாவலும் வேணாம்னு அழுதாரு. அதான் ஜிம் வேலைன்னு சொல்லி வச்சிருக்கேன். முடியக்கூட வேளாங்கண்ணி மாதாவுக்குக் குடுத்தேன்னு சொன்னேன். படம் வந்ததும் தியேட்டருக்குக் கூட்டிட்டுப்போயி, அந்தா ஓடுறது நாந்தாம்ப்பான்னு காட்டணும்னு நெனச்சிருந்தேன். இனிமே எப்படிக் காட்டுறது?”

“மன்னிப்புக் கேட்டு ஒரு வீடியோ போடட்டுமாக்கா?”

“எம்பேரச் சொல்லிக் கேட்டா அப்பாவுக்குத் தெரிஞ்சுரும். சொல்லாமக் கேட்டா, எவ்வளவு நல்ல பையன்னு ஒனக்குத்தான் பாராட்டு வரும். ஒண்ணும் வேணாம். நீ போ.”

வீட்டுக்கு வந்ததும் இரண்டு வீடியோக்களையும் அழித்தான். அழித்து என்ன பயன்? அவை ஏற்கெனவே ஆயிரம் இடத்தில் இருந்தன. பஸ் ஸ்டாண்டில் கொஞ்சம் பருமனான ஒரு பெண் நடந்துபோனபோது கல்லூரிப் பையன்கள் வாயாலேயே ரோலர் சத்தம் எழுப்பினார்கள். அந்தப் பெண் நடையை மாற்றி, சிறுசிறு எட்டாக வைத்துப் போனாள். கடைக்குள்ளிருந்து பார்த்த ஜெரால்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பிரின்சியிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னான். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டவில்லை. “அந்த முழு கிளிப்பக் காட்டு” என்றாள். வசந்த் அனுப்பியதைச் சத்தமில்லாமல் இருவரும் பார்த்தார்கள். முன்பு உடைந்த அந்த முழங்காலோடு அவள் ஓடுகிறாள். குதிக்கிறாள். எரியும் கையோடு எழுகிறாள். “இதுதாண்ணே தாரகை” என்றாள் பிரின்சி. தன் மனசுக்குள் இருக்கும் தாரகையைப் பற்றி மாதக்கணக்காகப் பேசியவனுக்கு, அவள் கண்ணெதிரே ஓடியபோது அடையாளம் தெரியவில்லை. பிரின்சி எழுந்து போன பிறகும் அவன் போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

டிரெய்லர் வந்தபோது சேனலில் அவனைத் தேடினார்கள். “எங்க ப்ரோ போயிட்டீங்க?” என்று கேட்டார்கள். அவன் எதுவும் போடவில்லை. பிறகு அவர்கள் வேறு சேனலுக்குப் போய்விட்டார்கள்.

படம் வெளியானது. கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தான். தாரகை ஓடி, குதித்து, தீயோடு எழுந்தாள். அடுத்த ஷாட்டில் நடிகையின் முகம் வந்தது. தியேட்டர் விசிலில் அதிர்ந்தது. முன்னால் இருந்தவன், “டேய், சிங்கம்டா எங்க தாரகை!” என்று கத்தினான். ரோலர் சத்தத்துக்குச் சிரித்தவர்களில் அவனும் ஒருவனாக இருக்கலாம் என்று ஜெரால்டு நினைத்தான். படம் முடிந்து பெயர்கள் ஓடியபோது ரீட்டாவின் பெயரைத் தேடினான். எழுத்துகள் பொடிப்பொடியாக, வேகமாக ஓடின. அதற்குள் விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

அதற்கடுத்த வாரம் பங்கிராஸ் கடைக்கு வந்தார். உடைந்த டிஸ்பிளேயோடு தன் போனை மேசையில் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். முன்பு பார்த்த முகம் இல்லை.

“ரீட்டா சொல்லிட்டா” என்றார். “தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடியே சொல்லிட்டா.”

ஜெரால்டு திருப்புளியைக் கீழே வைத்தான். “மன்னிச்சிருங்க பெரியப்பா.”

“படத்துல அவ விழுந்தப்ப எனக்கு உசுரே போயிருச்சு. சுத்தியிருந்தவன்லாம் விசிலடிக்கிறான். நான் அவ கையப் புடிச்சிக்கிட்டு ஒக்காந்திருந்தேன், அந்தத் தழும்பு மேலயே.” வெளியே பஸ்களைப் பார்த்தபடியே சொன்னார். “நீ ஒன்னோடத அழிச்சிட்டியாம். அவதான் சொன்னா. நான் அவ மொகத்துக்கு நேராச் சிரிச்சேனேடா. அத எங்கிட்டுப் போயி அழிக்கிறது?”

ஜெரால்டு திருப்புளியைக் கையில் எடுத்தான். அவர் போனைக் கழற்றத் தொடங்கினான்.

கல்லாவில் பணம் எண்ணிக்கொண்டிருந்த உடையப்பன் இதையெல்லாம் கவனிக்கவில்லை. வழக்கம்போல விசாரித்தார். “ரீட்டாப் பொண்ணு இப்ப எங்க இருக்குங்க? மெட்ராஸ் ஜிம்முலதானா?”

பங்கிராஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஐதராபாத்துல இருக்கா. ஷூட்டிங்” என்றார். கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். பிறகு குரல் இறங்கியது. “உயரத்துலேருந்து குதிக்கணுமாம். என்னைக்குன்னு கேட்டேன், சொல்ல மாட்டேங்குறா.”

அதைச் சொல்லும்போதும் அவர் ஜெரால்டின் பக்கம் திரும்பவில்லை.