கையில் வைத்த கொய்யா

மண்ணுக்காகவே வாழ்ந்து மண்ணுக்காகவே உயிர்நீத்த மாமனிதர் ஆண்டிச்சாமி என்று, இயற்கை விவசாயச் சங்கத் தலைவர் சூரியபிரகாஷ் மைக்கில் முழங்கிக்கொண்டிருந்தார். ஆண்டிச்சாமி உயிர்நீத்தது மோட்டார் ரூம் படியில் வழுக்கி.

"அன்னாரின் தோட்டத்தில் ஒரு சொட்டு விஷம் விழுந்ததில்லை" என்றபோது, பந்தல் ஓரத்தில் நின்ற முத்துக்கருப்பனைக் கூட்டம் திரும்பிப் பார்த்தது. செத்தவரின் தம்பி. அடுத்த கொய்யாத் தோட்டம் அவனுடையது, அவன் மருந்தடிக்கிறவன்.

அதில்தான் அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றுபோனது. "எம் பழத்துல ஒத்தப் புழுவக் காட்டுண்ணே, அன்னைக்கே மருந்தடிக்கிறத விட்டுர்றேன்." இரண்டு தோட்டத்துக்கும் நடுவரப்பில் நின்று அவன் விட்ட சவாலைக் கேட்டு அண்ணன் வீட்டுக்கு நடந்தார். பிறகு அந்த வரப்புப் பக்கமே வரவில்லை. இவன் மட்டும் சாயங்காலம் தவறாமல் போய் நிற்பான்.

அன்னார் விளைவித்த கனியை அன்னாரின் கையிலேயே வைத்து வழியனுப்ப வேண்டும் என்றார் தலைவர். போட்டோக்காரர் முன்னே நகர்ந்தார்.

அண்ணன் மனைவி ரெங்கம்மாள் எழுந்து அவனிடம் வந்தாள்.

"தம்பி, உங்க மரத்துல ஒண்ணு பறிச்சுட்டு வாங்க."

"ஏன் மதினி, அண்ணே மரத்துல?"

"அம்புட்டும் சொத்தை. போட்டோல அசிங்கமாத் தெரியும்."

"மருந்தடிச்சு மூணு நாளுதான் ஆகுது. பறிக்கக் கூடாது மதினி."

"அவுகளுக்கு இனிமே என்ன ஆகப்போகுது."

இருப்பதில் நல்லதாகப் பறித்து, மேலே படிந்திருந்த வெள்ளைத் திட்டைத் துண்டால் துடைத்தான். அண்ணனின் விரல்கள் விறைத்திருந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பழத்தை வைத்தவனுக்கு, கையை எடுக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"சார், போட்டோல கை மறைக்குது" என்றார் போட்டோக்காரர்.

"இந்தப் பளபளப்பு மருந்தடிச்சா வருமா?" என்று கேட்டார் தலைவர்.

ரெங்கம்மாள் தரையைப் பார்த்தாள். முத்துக்கருப்பன் தள்ளி நின்றுகொண்டான்.

சுடுகாட்டில் மாலைகளைக் கழற்றியவர்கள் பழத்தையும் எடுத்து அவனிடம் கொடுத்தார்கள். சங்கத்துக்காரர்களின் கார்கள் திருநகர்ப் பக்கம் போய்விட்டன. அவன் வழக்கம்போல வரப்புக்கு வந்தான். எதிர்ப்பக்கம் அண்ணனின் தண்ணீர்க் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

பாதியை அந்தப் பக்கம் வைக்கலாம் என்று பழத்தைப் பிட்டான்.

உள்ளே புழு இருந்தது.