இரண்டாவது பேட்டரி

அந்த மூன்று வாரமும் பேட்டரி என்ற சொல் காதில் விழுந்தாலே படகோட்டிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கழிமுகத்தின் இக்கரைக்கும் அக்கரைக்கும் ஆள் ஏற்றுகிறவள் அவள். ஒரு நாள் காலை, முதல் நடையிலேயே மிதந்து வந்த வலைத்துண்டு ஒன்று படகின் அடியில் சுழலும் விசிறியில் சிக்கியது. இஞ்சினை அணைத்து, வலையை அறுத்தெடுத்து, சாவியைத் திருப்பினால் 'டிக்' என்றதோடு சரி. வயர்லெஸ்ஸும் ஊமை. மணல் படகு ஒன்று வந்து இழுத்துப்போகும்வரை பதினோரு பயணிகளும் ஒன்றரை மணி நேரம் வெயிலில் மிதந்தார்கள். அதில் ஒருத்தி நேர்முகத் தேர்வுக்குக் கிளம்பியவள். கோப்பை மடியில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். படகோட்டியால் அதைத்தான் மறக்க முடியவில்லை. அன்றைக்கே இன்னொரு பேட்டரி வாங்குவதென்று முடிவெடுத்தாள்.

முடிவெடுத்ததை வீட்டில் சொன்னதுதான் தப்பாகிவிட்டது.

படகுத்துறையில் அவள் கணவருக்குக் 'கேட்டலாக்' என்று பெயர். ஒரு மிக்சி வாங்க நாலு மாதம் படித்த மனிதர். பேட்டரி என்றதும் கட்டம் போட்டு எழுத ஆரம்பித்தார். கட்டம் வளர்ந்து சாப்பாட்டு மேசையை அடைத்துக்கொண்டது. லித்தியம்தான், இல்லையென்றால் வேண்டாம் என்றார். லாரி ஷெட் வைத்திருக்கும் கொழுந்தனோ, ஷெட்டில் சும்மா கிடக்கும் லாரி பேட்டரியைத் தூக்கி வைத்தால் போயிற்று என்றான். அண்ணனும் தம்பியும் தினமும் மாலையில் மல்லுக்கு நின்றார்கள். படகை ஓட்டுகிறவள் என்ன நினைக்கிறாள் என்று இருவரில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

பொறுத்துப் பார்த்தவள், ஒருநாள் தானே கடைக்குப் போனாள். கவுன்ட்டரில் இருந்த பெண் விலை எதுவும் சொல்லவில்லை.

“மெயின் பேட்டரி போச்சுன்னா படகுல என்னென்ன ஓடணும்க்கா? எத்தனை மணி நேரம்?”

விளக்கு, வயர்லெஸ், பம்ப் என்று படகோட்டி விரல்விட்டு எண்ணினாள். மூன்று வாரத்தில் இந்தக் கேள்வி ஒருமுறைகூட வரவில்லையே என்று அவளுக்கு எரிச்சல் பொங்கியது. கடைக்காரி ஒரு மீட்டரை இரவல் கொடுத்து, ஒவ்வொன்றும் எவ்வளவு கரண்ட் இழுக்கிறதென்று பார்த்து வரச் சொன்னாள்.

மறுநாள் விடுமுறை. ஆளில்லாத படகில் உட்கார்ந்து எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டரை மாட்டினாள். பூஜ்யம். அப்பாடா என்று நிமிர்வதற்குள் எண் நாலுக்குத் தாவியது. காலடியில் மெல்லிய உறுமல். சற்றுப் பொறுத்து நின்றது, மறுபடி தொடங்கியது. அடிப்பலகையைத் தூக்கிப் பார்த்தாள். விசிறித் தண்டு வெளியே போகிற துளையில், தண்ணீர் புகாமல் தடுக்கும் சீல் தேய்ந்து, தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சேரச் சேரத் தானியங்கிப் பம்ப் அள்ளி வெளியே கொட்டியது. இரவு முழுக்க இப்படி ஓடினால் எந்தப் பேட்டரிதான் தாங்கும்?

அவள் வீட்டுக்குள் நுழையும்போதே அண்ணனும் தம்பியும் மேசைக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் உட்கார்ந்து வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

“படகு ஒழுகுதுங்க. பம்ப் ராப்பகலா ஓடித்தான் பேட்டரிய உறிஞ்சியிருக்கு.”

கணவர் பேனாவை எடுத்தார். “எத்தனை ஆம்பியர்?”

“அதுக்குத்தான் அண்ணி பெருசா போடுங்கன்னேன்,” என்றான் கொழுந்தன்.

“பெரிய குடமா வாங்கிட்டா ஓட்டை அடைஞ்சிடுமா தம்பி?”

அதற்கு மேல் அவள் யாரையும் கேட்கவில்லை. படகைக் கரையேற்றி சீலை மாற்றினாள். விளக்கு, வயர்லெஸ், பம்ப் மூன்றும் ஆறு மணி நேரம் தாங்குகிற, அவசரத்துக்கு இஞ்சினையும் கிளப்புகிற நடுத்தர பேட்டரி ஒன்றை, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ளும் ஸ்விட்சோடு வாங்கினாள். அதை எந்த மூலையில் வைப்பதென்று அண்ணனும் தம்பியும் படகுக்குள்ளேயே ஆரம்பித்தார்கள். அவளே இருக்கைக்கு அடியில் வைத்து வார் போட்டு இறுக்கினாள். மெயினைத் துண்டித்துவிட்டுச் சாவியைத் திருப்பினாள். முதல் திருப்பிலேயே இஞ்சின் பிடித்தது.

“லித்தியமா இருந்தா எடை பாதிதான் இருக்கும்,” என்றார் கணவர், மெதுவாக.

“ரெண்டு பேரும் இறங்குங்க. ஆள் ஏத்தணும்,” என்றாள்.